க்வாய் ஆற்றுப் பாலம் (காஞ்சனபுரி): பாங்காக்கிலிருந்து ஒரே நாள், வயதான பெற்றோருடன் - ரயிலா, வேனா?

#1 வைகைக்கரை

வணக்கம் நண்பர்களே. டிசம்பர் இரண்டாம் வாரம் பாங்காக் போறோம். அம்மா, அப்பா ரெண்டு பேரும் கூட வர்றாங்க. அப்பாவுக்கு முழங்கால் வலி, மெதுவாத்தான் நடப்பார். காஞ்சனபுரிக்கு ஒரு முழு நாள் ஒதுக்கியிருக்கேன். பாலத்தைப் பாக்கணும், அதுமேல ரயில்ல போகணும், இரண்டாம் உலகப் போர்ல சயாம் மரண ரயில் பாதை போடும்போது செத்துப்போன நம்ம ஆட்களுக்கு அங்க ஏதாவது நினைவிடம் இருந்தா அதையும் பாக்கணும்.

ரயில் எந்த ஸ்டேஷன்ல ஏறணும், முன்பதிவு உண்டா, எந்தப் பக்கம் உக்காரணும்? இல்ல பேசாம டூர் வேன்ல போயிடலாமா? சைவச் சாப்பாடு கிடைக்குமா?

#2 மீட்டர்கேஜ்

ரயில்ல போங்க. வேன்ல போனா பாலத்தைப் பாக்கலாம், அவ்வளவுதான். அந்தப் பாதையோட அருமை ஜன்னலோரம் உக்காந்தாத்தான் தெரியும். நம்ம ஊர்ல மறைஞ்சுபோன மீட்டர்கேஜ் தாய்லாந்து முழுக்க இன்னும் ஓடுது, இந்தப் பாதையும் 1,000 மி.மீ. அகலம்தான்.

முதல்ல ஸ்டேஷன். பெரும்பாலானவங்க கோட்டை விடுறது இங்கதான். சாதாரண நாள்ல காஞ்சனபுரி வண்டி புது பெரிய ஸ்டேஷன்லயிருந்தும் கிளம்பாது, பழைய ஹுவா லம்போங்லயிருந்தும் கிளம்பாது. ஆத்துக்கு மேற்குக் கரையில, சிரிராஜ் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல தோன்புரின்னு ஒரு சின்ன ஸ்டேஷன் இருக்கு. டாக்ஸிக்காரர்கிட்ட வெறுமனே 'தோன்புரி'ன்னு சொன்னா அந்தப் பேட்டை முழுக்க அதே பேர்தான். 'சத்தானி ரொத் ஃபாய் தோன்புரி'ன்னு சொல்லுங்க, இல்ல வரைபடத்துல புள்ளியைக் காட்டுங்க. படகுல வந்தா துறையிலயிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நடக்கணும். அப்பாவுக்காக டாக்ஸியே நல்லது.

வண்டி ஒரு நாளைக்கு ரெண்டு. காலை 7:45-ஐ ஒட்டி 257, பிற்பகல் 2 மணிக்குக் கொஞ்சம் முன்னால 259. ஒரே நாள்ல திரும்பணும்னா காலை வண்டி மட்டும்தான் உங்களுக்கு. முன்பதிவு, இருக்கை எண் எதுவும் கிடையாது. எல்லாமே மூணாம் வகுப்பு, மின்விசிறி, திறந்த ஜன்னல். கவுண்டர்ல அன்னிக்கே டிக்கெட். வெளிநாட்டவருக்குத் தூரம் எதுவானாலும் 100 பாட். நடுவுல இறங்கி அடுத்த வண்டியில ஏறினா மறுபடி 100. ஏழு மணிக்கே போயிட்டா ஜன்னலோரம் கிடைக்கும்.

உக்கார வேண்டியது இடது பக்கம், போகும் திசையைப் பாத்து. காஞ்சனபுரி வரைக்கும் எந்தப் பக்கமானாலும் ஒண்ணுதான், கரும்பும் வயலும். பாலம் தாண்டினப்புறம் க்வாய் நோய் ஆறு இடது பக்கமாவே வரும். வலது பக்கம் உக்காந்தவங்க தாம் க்ராசேயில (பாலத்துக்கு அப்புறம், ஆத்தோரம் மரத்தாங்கிப் பாலம் இருக்குற நிறுத்தம்) பாறைச் சுவரைத்தான் படம் எடுக்கணும்.

#3 கெடா_தோட்டம்

மலேசியாவிலிருந்து வருபவர்களுக்கும் சேர்த்து ஒரு வழி சொல்கிறேன், பாங்காக் வரை போக வேண்டிய அவசியமே இல்லை. பாடாங் பெசார் ஸ்டேஷனிலேயே இரண்டு நாட்டுக் குடிநுழைவும் முடிந்துவிடும். அங்கிருந்து மாலையில் கிளம்பும் படுக்கை வண்டி மறுநாள் காலை நகோன் பாதோம் வழியாகத்தான் பாங்காக் போகிறது. நகோன் பாதோமில் இறங்கிவிட்டால் தோன்புரியிலிருந்து வரும் 257 அங்கே 9 மணி வாக்கில் வரும்.

ஆனால் படுக்கை வண்டி தாமதமாவது சாதாரணம். 257-ஐத் தவறவிட்டால் பிற்பகல் வண்டிக்காக உட்கார வேண்டாம், நகோன் பாதோமிலிருந்து வேன் பிடித்துக் காஞ்சனபுரி போய்விடலாம். தாய்லாந்து நேரம் மலேசிய நேரத்தைவிட 1 மணி நேரம் பின்னால். டிக்கெட்டில் இருப்பது தாய்லாந்து நேரம். பாடாங் பெசாரில் இதைக் குழப்பிக்கொண்டு ஓடுபவர்கள் தினமும் உண்டு.

#4 இரும்புக்கோவை

பாலத்தைப் பற்றி. பார்க்கும் முன் தெரிந்துகொண்டு போனால் அங்கே நின்று பார்க்கச் சில விஷயங்கள் இருக்கின்றன.

நோங் ப்ளா டுக்கிலிருந்து பர்மாவின் தன்புயுசாயத் வரை 415 கி.மீ. பாதையை ஜப்பானிய ராணுவம் 1942-ல் தொடங்கி 1943 அக்டோபரில் இணைத்துவிட்டது. காஞ்சனபுரியில் ஆற்றைக் கடக்க முதலில் மரப்பாலம், 1943 பிப்ரவரியில். அதற்கு 100 மீட்டர் தள்ளி, ஆற்றின் மேல்பக்கமாக, சில மாதங்களில் இரும்புப் பாலம். இன்று நாம் நடப்பது இரண்டாவது.

இரும்புப் பாலத்துக்குப் புதிதாக எதையும் வார்க்கவில்லை. டச்சுக்காரர்கள் ஆண்ட ஜாவாவிலிருந்து பழைய வளைவுச் சட்டங்களைக் கழற்றிக் கொண்டுவந்து கான்கிரீட் தூண்கள்மேல் ஏற்றினார்கள். அப்படி 11 கண்கள் (தூணுக்கும் தூணுக்கும் இடைப்பட்ட பகுதிகள்). 1944 கடைசியிலும் 1945-லும் நேச நாட்டு விமானங்கள் குண்டு போட்டதில் 3 கண்கள் போயின. போருக்குப் பிறகு அந்த இடைவெளியை 2 நீளமான சட்டங்களால் அடைத்தார்கள், ஜப்பான் போர் இழப்பீடாகக் கொடுத்தவை. கரையில் நின்று பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். வளைந்த முதுகுள்ளவை பழசு, நடுவில் மேல்பக்கம் நேராகவும் ஓரம் சரிவாகவும் இருக்கும் இரண்டும் புதுசு. அந்த இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு தூண்தான். முன்பு மூன்று கண்களுக்கு இரண்டு தூண்கள் நின்ற இடம் அது. அக்கரை முனையில் இருக்கும் குட்டி இரும்புக் கண்கள், ஆரம்பத்தில் மரத்தில் இருந்த பகுதிக்குப் பதிலாக வைத்தவை.

#5 சும்மா_ஒரு_டவுட்

அப்ப ஒரிஜினல் பாலம் இல்லையே இது? பாதி மாத்தியாச்சு. 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்' படத்துல வெடிச்சுச் சிதறுற மரப்பாலம்தானே உண்மையான பாலம்? அதைப் பாக்கணும்னு போறவங்க ஏமாந்துதானே வர்றாங்க?

#6 இரும்புக்கோவை

11-ல் 8 வளைவுக் கண்கள் அப்படியே இருக்கின்றன. அதைப் 'பாதி மாற்றியது' என்று சொல்ல முடியாது.

படத்துக்கும் இந்த இடத்துக்கும் சம்பந்தம் குறைவு. 1957-ல் வந்த அந்த ஆங்கிலப் படத்தின் பாலம் இங்கே இருந்ததே இல்லை. இன்னொரு வேடிக்கையும் உண்டு. உண்மையில் பாலம் நின்ற ஆற்றுக்கு அப்போது மே க்ளோங் என்று பெயர். க்வாய் என்பது சற்றுத் தள்ளி, ரயில்பாதை கூடவே ஓடும் கிளை ஆறு. படம் பார்த்த சுற்றுலாப் பயணிகள் வந்து 'க்வாய் ஆற்றுப் பாலம் எங்கே?' என்று கேட்கத் தொடங்கியதும் 1960-களில் தாய்லாந்து அரசு ஆற்றின் பெயரையே க்வாய் யாய் என்று மாற்றிவிட்டது. பாதை கூடவே ஓடுவது க்வாய் நோய். இரண்டும் ஊருக்குள் கூடி, அதன் பிறகு மே க்ளோங்.

#7 களனிக்கரை

படம் எடுத்த இடம் எங்கட நாட்டில, கித்துல்கல. களனி கங்கைக் கரை. கொழும்பிலயிருந்து அவிசாவளை வழியா ஹட்டன் போற றோட்டில வரும். பாலம் எண்டு நினைச்சுப் போனா ஒண்டும் இல்லை, படத்துக்காகவே கட்டி அதிலயே தகர்த்தது. ஆத்தோரம் அத்திவாரம் கொஞ்சம் மட்டும்தான் மிச்சம். ரெண்டையும் போட்டுக் குழப்பாதேங்கோ.

#8 வைகைக்கரை

ரொம்ப நன்றி எல்லாருக்கும். இப்ப சந்தேகம் என்னன்னா, 257-ல போய் எங்க இறங்கறது? காஞ்சனபுரி ஸ்டேஷன்லயா, பாலத்துக்கிட்டயா, கடைசி வரைக்கும் போகணுமா? எல்லாம் பாத்துட்டு அன்னிக்கே திரும்ப முடியுமா?

#9 மீட்டர்கேஜ்

கணக்கு இதுதான். 257 காஞ்சனபுரிக்குச் சுமார் 10:25, பாலத்துக்குப் பக்கத்துலயே இருக்குற க்வாய் பாலம் நிறுத்தத்துக்கு 10:45 வாக்குல, கடைசி ஸ்டேஷன் நாம் தொக்குக்கு 12:30 வாக்குல. அதே வண்டி 258-ஆ 12:55-க்குத் திரும்பும், பாலத்துக்கு 2:40, காஞ்சனபுரிக்கு 2:50, தோன்புரிக்கு மாலை 5:40-க்கு மேல. தாமதம் அரை மணி நேரம்னா சகஜம்.

வழிகாட்டிப் புத்தகங்கள் சொல்ற மாதிரி பாலத்துல இறங்கினா, 10:45-லயிருந்து 2:40 வரைக்கும் உச்சி வெயில்ல நாலு மணி நேரம். டூர் பஸ்கள் எல்லாம் அந்த நேரத்துலதான் வந்து குவியும். கடைசி வரைக்கும் போயிட்டு அப்படியே தோன்புரி திரும்பினா பாலத்துல கால் வைக்காமலே வந்துடுவீங்க.

ரெண்டுக்கும் நடுவுல ஒரு வழி இருக்கு. தோன்புரியில தாம் க்ராசேக்கு டிக்கெட் எடுங்க (அதே 100 பாட்). பாலத்தை ரயில்லயே கடங்க. தாம் க்ராசேயில இறங்குங்க. வண்டி நாம் தொக் போயிட்டுத் திரும்பி வர ஒன்றரை மணி நேரம் ஆகும். அந்த நேரத்துல மரத்தாங்கிப் பாலத்தையும் குகையையும் பாத்து, சாப்பிட்டுட்டு, 258-ல ஏறி காஞ்சனபுரி ஸ்டேஷன்லயே இறங்கிடுங்க, பாலத்துல இல்ல. அங்கயிருந்து நடக்குற தூரத்துல போர்க் கல்லறை, ரயில்பாதை அருங்காட்சியகம், தமிழர் நினைவிடம் மூணும் இருக்கு. நாலேகால் வாக்குல டாக்ஸியோ சோங்தேவோ (பின்னால பெஞ்சு போட்ட பொது பிக்கப் வண்டி) பிடிச்சுப் பாலத்துக்குப் போனா, தோன்புரியிலயிருந்து வர்ற பிற்பகல் 259 நாலரை வாக்குல பாலத்தைக் கடக்கும். வெயிலும் தாழ்ந்திருக்கும், கூட்டமும் போயிருக்கும். ஆறு மணிக்குள்ள பஸ் நிலையம் போய் பாங்காக் வேன். ரெண்டரை மணி நேரம், 150 பாட் அளவுல. கடைசி வேனை நம்பி உக்காராதீங்க, இறங்கின உடனே நேரம் கேட்டு வெச்சுக்குங்க. பஸ் நிலையம் பாலத்துலயிருந்து நாலு கிலோமீட்டர் தள்ளி, ஊரோட மறுகோடியில.

#10 பாதசாரி

அருமையான திட்டம், ஆனா ஒரு எச்சரிக்கை. தாம் க்ராசே நிறுத்தத்துல நடைமேடை தரையோட தரையா இருக்கும், படி உயரம். முழங்கால் வலி உள்ளவர் இறங்கும்போது கீழ ஒருத்தர் நின்னு கை கொடுக்கணும். வண்டி அங்க ரொம்ப நேரம் நிக்காது. முந்தின நிறுத்தத்துலயே எழுந்து கதவுக்கிட்ட வந்துடுங்க. கூட்டத்தைத் தள்ளிட்டு வர்றதுக்குள்ள வண்டி நகர்ந்துடும்.

காஞ்சனபுரியிலயும் பாலத்துலயும் டூர் ஆட்கள் பெருங்கூட்டமா ஏறுவாங்க, தாம் க்ராசே வரைக்கும் அந்த ஒரு துண்டுக்கு மட்டும். தோன்புரியிலயே உக்காந்து வர்றதோட லாபம் இங்கதான் தெரியும். எழுந்து படம் எடுக்கப் போனா இடம் போச்சு.

#11 மீட்டர்கேஜ்

உண்மை. இன்னொண்ணு, பாலம் தாண்டிக் கொஞ்ச தூரத்துல சுங்காய்னு ஒரு பாறை வெட்டு வரும். கையாலயே வெட்டின இடைவெளி, பாறை பெட்டியை உரசற மாதிரி போகும். ஜன்னல்ல கையையோ போனையோ நீட்டவே கூடாது. செல்ஃபி குச்சி முறிஞ்சு போனவங்க அதிர்ஷ்டசாலிங்க.

#12 பாதசாரி

பாலத்து மேல நடக்கறது பத்தி. காசு கிடையாது, வேலி கிடையாது. ஒத்தைத் தண்டவாளம், ரெண்டு தண்டவாளத்துக்கு நடுவுல இரும்புத் தகடு பதிச்சிருக்கு. அதுமேல நடந்தா சிக்கல் இல்ல. தகட்டுக்கு வெளிய கட்டைகளுக்கு இடையில சந்து இருக்கும், கீழ ஆறு தெரியும். ஊன்றுகோல் நுனியும் மெல்லிய ஹீல்ஸும் மாட்டறது அங்கதான். எதிர்ல ஆள் வரும்போது ஒதுங்கறதுக்காகத் தகட்டை விட்டு ஓரமா காலை வைப்பாங்க, தடுமாறறது அப்பத்தான். ஒதுங்க வேண்டாம், அப்படியே நில்லுங்க, அவங்க சுத்திப் போகட்டும்.

தூண்களுக்கு மேல ரெண்டு பக்கமும் சின்ன மேடை மாதிரி ஒதுங்கிடம் இருக்கு. வண்டி வரும்போது அங்க ஏறி நிக்கணும். ஊதல் கேட்டப்புறம் நேரம் இருக்கு, பத்து கி.மீ. வேகத்துலதான் ஊர்ந்து வரும். ஆபத்து வண்டியில இல்ல, ஒரே ஒதுங்கிடத்துல இருபது பேர் நெருக்கிட்டு நிக்கறதுல. வண்டி தெரிஞ்சதும் கூட்டம் இல்லாத அடுத்த ஒதுங்கிடத்துக்கு முன்கூட்டியே போயிடுங்க. முதுகுப் பையைக் கழட்டி முன்னால மாட்டிக்கணும்.

அப்பாவுக்கு: முழுசாக் கடக்க வேண்டாம். முதல் ரெண்டு கண் வரைக்கும் போனாலே போதும். பாலம் 300 மீட்டருக்கு மேல, போக வர அறுநூறு. இடையில உக்கார இடம் கிடையாது.

#13 ஒளிவட்டம்

படம் எடுக்கறவங்களுக்கு ஒரு வரி. ஸ்டேஷன் பக்கம் கிழக்குக் கரை. காலையில சூரியன் முதுகுக்குப் பின்னால இருக்கும், இரும்பு நல்லா விழும். சாயங்காலம் அதே இடத்துல நின்னா சூரியனுக்கு எதிரா எடுக்கணும், வளைவு கறுப்பு உருவமாத்தான் வரும். அது வேணும்னா சரி. இரும்பு தெரியணும்னா அக்கரைக்குப் போகணும், க்வான் யின் சிலை இருக்குற பக்கம். வண்டி கண்ணுக்குள்ள வரும்போது ஓட்டுநரைப் பாத்து ஃப்ளாஷ் அடிக்காதீங்க.

#14 கெடா_தோட்டம்

வைகைக்கரை கேட்ட முக்கியமான கேள்விக்கு இன்னும் யாரும் சரியாகப் பதில் சொல்லவில்லை.

ஊருக்கு நடுவே இருக்கும் போர்க் கல்லறையில் 6,900-க்கும் மேற்பட்ட போர்க்கைதிகள் இருக்கிறார்கள், பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சு வீரர்கள். புல்வெளி, வரிசைக் கற்கள், ஒவ்வொன்றிலும் பெயர், வயது. அங்கே ஒரு தமிழ்ப் பெயரைத் தேடி நடக்காதீர்கள், கிடைக்காது. அது ராணுவத்தாருக்கு மட்டுமான இடம். பாதையில் இறந்த போர்க்கைதிகள் 12,000-க்கு மேல். ஆசியத் தொழிலாளர்கள் 90,000 வரை என்று கணக்கிடுகிறார்கள். மலாயாவிலிருந்து மட்டும் 75,000-க்கு மேல் கொண்டுபோனார்கள், பெரும்பாலும் ரப்பர் தோட்டத் தமிழர்கள்.

ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று அருங்காட்சியகத்தில் நிற்கும்போது கேட்டுப் பாருங்கள். கைதிகளிடம் சொந்த மருத்துவர்கள் இருந்தார்கள், அதிகாரிகள் இருந்தார்கள், தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு இருந்தது. தோட்டத்திலிருந்து போனவர்களுக்கு இவை எதுவும் இல்லை. சில மாத வேலை, நல்ல கூலி, திரும்பி வந்துவிடலாம் என்று சொல்லி அனுப்பினார்கள், குடும்பத்தோடு போனவர்களும் உண்டு. 1943 மழைக்காலத்தில் காலரா பரவியபோது கூடாரம் கூடாரமாகப் போய்விட்டார்கள். கைதிகள் தங்கள் சாவுக் கணக்கை ஒளித்து எழுதி வைத்தார்கள், அதனால்தான் இன்று கல்லில் பெயர் இருக்கிறது. நம் ஆட்களுக்கு எழுதிவைக்க யாரும் இல்லை.

பார்க்க வேண்டிய இடங்கள் இரண்டு. ஒன்று, போர்க் கல்லறைக்குப் பக்கத்திலேயே, சீனர் இடுகாட்டை ஒட்டி இருக்கும் வாட் தாவோன் வராராம், உள்ளூரில் வாட் யுவான். பாதை நெடுகத் தோண்டி எடுத்த ஆசியத் தொழிலாளர்களின் எச்சங்களை அங்கே ஒரு நினைவுத் தூபிக்கு அடியில் வைத்திருக்கிறார்கள். அதே வளாகத்தில்தான் 2023-ல் மலேசியத் தமிழர்கள் முயற்சியில் நடுகல் நட்டது. டூர் வேன்கள் இங்கே நிற்பதில்லை. கல்லறை வாசலில் இறக்கிவிட்டு இருபது நிமிடத்தில் ஏற்றிக்கொண்டு போய்விடும். வேன் வேண்டாம் என்பதற்கு என் காரணம் இதுதான்.

இரண்டாவது, பாலத்திலிருந்து ஆற்றோரமாகக் கீழ்நோக்கிச் சில நிமிட நடை. ஜப்பானிய ராணுவம் 1944-லேயே எழுப்பிய நினைவுச்சின்னம். பாதையைக் கட்டவைத்தவர்களே, போர் முடியும் முன்பே. சுற்றிலும் பல மொழிகளில் கல்வெட்டுப் பலகைகள், அதில் ஒன்று தமிழில். பாலத்தில் ஆயிரம் பேர் நிற்கும் நேரத்திலும் இங்கே ஆள் இருக்காது.

#15 சும்மா_ஒரு_டவுட்

தமிழ்ல கல்வெட்டு இருக்கா?! இத்தனை யூடியூப் வீடியோ பாத்தேன், ஒருத்தர்கூட காட்டலையே.

#16 கெடா_தோட்டம்

பாலத்துக்கு முன்னால் டி-ஷர்ட் கடைகளோடு வீடியோ முடிந்துவிடுகிறது தம்பி, அதனால்தான்.

#17 நெடும்பாதை

அருங்காட்சியகம்னு சொன்னா எதுன்னு தெளிவா சொல்லணும், ஊர்ல மூணு இருக்கு. கல்லறைக்கு எதிர்லயே இருக்குறது தாய்லாந்து-பர்மா ரயில்வே மையம். பாதை எப்படிப் போச்சு, எந்த முகாம்ல எத்தனை பேர், ஒவ்வொரு பாலமும் எப்படின்னு வரைபடத்தோட இருக்கு. ஒண்ணுதான் பாக்க நேரம்னா இதுதான். மாலை 4-க்குள்ள உள்ள நுழைஞ்சிடுங்க. அடுத்தது ஜீத் அருங்காட்சியகம், ஊரோட தெற்கு முனையில வாட் சாய் சும்போன் கோயில்ல, கைதிகள் குடிசை மாதிரியே மூங்கில்ல கட்டினது. மூணாவது பாலத்துக்குப் பக்கத்துலயே இருக்கு, அதுவும் 'ஜீத்'னு பலகை வெச்சிருக்கும். போரைத் தவிர மத்த எல்லாமும் உள்ள இருக்கும். பேரைப் பாத்து மாறி உள்ள போயிடாதீங்க.

நேரம் இருந்தா ஹெல்ஃபயர் பாஸ் (மரண ரயில் பாதைக்காகப் பாறையைக் கையால வெட்டின இடம்) போகாம வராதீங்க. பாலத்தைவிட அது பத்து மடங்கு.

#18 மீட்டர்கேஜ்

ஒரே நாள்ல, ரயிலும் பாத்து, எழுபது வயசுக்காரரோட ஹெல்ஃபயர் பாஸா? வேண்டாம் சார். காஞ்சனபுரியிலயிருந்து 80 கி.மீ. அளவுல, 323-ம் நம்பர் சாலையில. ரயில் அங்க போகாது. நாம் தொக்குக்கு அப்புறம் பாதையே கிடையாது. போர் முடிஞ்சதும் பிரிட்டிஷ்காரங்க தாய்லாந்துக்கு வித்துட்டாங்க, அவங்க வெச்சுக்கிட்டது நாம் தொக் வரைக்கும் 130 கி.மீ. மட்டும்தான். மீதியைப் பிரிச்சு எடுத்துட்டாங்க.

#19 நெடும்பாதை

ஒரு ராத்திரி தங்கச் சொல்லுங்க அப்ப. இந்தப் பாதையில ஒரே நாள் பயணம்ங்கறதே தப்புன்னு நான் நினைக்கிறேன். காலையில காஞ்சனபுரியிலயிருந்து 8203 பஸ், ஒன்றரை மணி நேரம், ஹெல்ஃபயர் பாஸ் மையத்து வாசல்லயே இறக்கிவிடுவாங்க. ஆஸ்திரேலிய அரசு நடத்துது, நுழைவு இலவசம், காலை 9-லயிருந்து மாலை 4. ஆடியோ வழிகாட்டியை வாங்கிக்குங்க. மரப்படி நூத்துக்கணக்குல இறங்கணும், திரும்பி ஏறணும், அதுதான் கஷ்டம். கீழ பாறை வெட்டுக்குள்ள நடந்தா சுவர்ல துளைக்கோல் குத்தின பள்ளம் நேர் கோடா ஓடுறது இன்னும் தெரியும். ஒருத்தர் கோலைப் பிடிக்க இன்னொருத்தர் சம்மட்டியால அடிச்சு, அடிக்கு அடி திருப்பி, அந்தக் குழியில வெடிமருந்து வெச்சு வெட்டினது. ராத்திரியிலயும் மூங்கில் தீவட்டி வெளிச்சத்துல வேலை வாங்கினாங்க, பேரு வந்ததே அதனாலதான். திரும்பற பஸ்ஸுக்கு நாலு மணிக்கு முன்னாலயே ரோட்டுக்கு வந்துடணும்.

முழங்கால் வலிக்கு அந்தப் படி ஆகாது, ஒத்துக்கிறேன். மேல இருக்குற மையத்தையும் பார்வை மேடையையும் மட்டும் பாத்துட்டு வரலாம்.

#20 வைகைக்கரை

ஹெல்ஃபயர் பாஸ் இந்த முறை வேண்டாம். அம்மாவே வேண்டாம்னுட்டாங்க. தாம் க்ராசே மரப்பாலத்துல நடக்க முடியுமா? சாப்பாடு பத்தி யாரும் சொல்லலை.

#21 இரும்புக்கோவை

தாம் க்ராசே (வாங் போ என்றும் சொல்வார்கள்): பாறைச் சரிவை ஒட்டி, ஆற்றுக்கு மேலே மரத்தாங்கிகளில் நிற்கும் பாதை. பாறையைக் குடைவதைவிட மரத்தை நட்டுக்கொண்டு போவது வேகம் என்று போர்க்கைதிகளை வைத்து 1943 வசந்தத்தில் சில வாரங்களில் முடித்தது. பிறகு வலுப்படுத்தி, அடிப்பகுதியில் கான்கிரீட் வைத்திருக்கிறார்கள். தாங்கி மட்டும் மரமாகவே தொடர்கிறது. நிறுத்தத்திலிருந்து பாலம் உடனே தொடங்கிவிடும். நடக்கலாம், ஆனால் க்வாய் பாலத்தைவிட இங்கே தகடு குறுகல், சந்து அதிகம், ஆற்றுப் பக்கம் பிடி கிடையாது. அப்பா குகை வாசல் வரை போனால் போதும், சில நிமிட நடை. குகைக்குள் புத்தர் சிலை. மொத்தப் பாலமும் வளைந்து போவது அங்கிருந்தே தெரியும். உணவகங்கள் நிறுத்தத்தை ஒட்டியே, ஆற்றைப் பார்த்தபடி.

#22 பாதசாரி

சைவம்: 'சைவம்'னு சொன்னா முட்டையும் மீன்சாறும் வரும். 'கின் ஜே'ன்னு சொல்லுங்க. ஜே சாப்பாட்டுல முட்டை, பால், வெங்காயம், பூண்டு எதுவும் இருக்காது. மஞ்சள் கொடியில சிவப்பு எழுத்து இருந்தா அது ஜே கடை. சாதாரணக் கடைன்னா 'மாய் சாய் நாம் ப்ளா' (மீன்சாறு போடாதீங்க), 'மாய் சாய் காய்' (முட்டை வேண்டாம்) ரெண்டும் சொல்லணும். ரயில்ல கூடையில விக்கிற சோத்துப் பொட்டலம் பெரும்பாலும் கோழி, பன்றி. பழம், வறுத்த வாழைக்காய், ஒட்டரிசி வாங்கலாம். தோன்புரி ஸ்டேஷன் பக்கத்துலயே காலைச் சந்தை இருக்கு, அங்கயே பழம் வாங்கி வெச்சுக்குங்க. தண்ணி ஆளுக்கு ஒண்ணரை லிட்டர். வண்டிக் கழிப்பறையில டிஷ்யூ இருக்காது.

#23 நிர்வாகி_2

இரண்டு தகவல், இழையை மேலே ஒட்டிவைக்கிறேன்.

2025 மே 1 முதல் தாய்லாந்துக்குள் நுழைய எல்லா வெளிநாட்டவரும் டிஜிட்டல் வருகை அட்டை நிரப்ப வேண்டும். வருவதற்கு முந்தைய 3 நாட்களுக்குள், குடிநுழைவுத் துறையின் சொந்தத் தளத்தில், முற்றிலும் இலவசம். தேடுபொறியில் மேலே வரும் சில தளங்கள் இதற்குக் காசு கேட்கின்றன. காசு கேட்டால் அது அரசுத் தளம் அல்ல. விசா விதியைப் பயணத்துக்கு முந்தைய வாரம் தூதரகத் தளத்தில் பாருங்கள், பழைய பதிவுகளை நம்ப வேண்டாம்.

நவம்பர் கடைசி, டிசம்பர் தொடக்கத்தில் பாலத்தில் ஒலி ஒளித் திருவிழா நடக்கும். அந்த நாட்களில் மாலையில் பாலத்தைச் சுற்றி மேடையும் நாற்காலியும் போட்டுவிடுவார்கள், ஊரில் அறையும் கிடைக்காது. டிசம்பர் 5, 10 இரண்டும் தாய்லாந்தில் பொது விடுமுறை.

#24 கெடா_தோட்டம்

சனி ஞாயிறு பற்றி ஒன்று. அன்று ஹுவா லம்போங்கிலிருந்து காலை 6:30-க்குத் தனி உல்லாச வண்டி உண்டு, முன்பதிவு செய்யலாம், இருக்கை உறுதி. நகோன் பாதோம் தூபி, பாலம், அருவி என்று ஒவ்வொரு இடத்திலும் நிறுத்துவார்கள். கால் முடியாதவர்களுக்கு வசதிதான். ஆனால் எல்லா இடத்திலும் அவர்கள் கொடுக்கும் நேரம்தான், கோயில் நினைவிடத்துக்குப் போய்வரும் அளவுக்கு நேரம் தேறுமா என்று திட்டத்தைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

#25 வைகைக்கரை

அப்ப வாரநாள்தான். வியாழன் போறோம், 10-ஆம் தேதி இல்லாத மாதிரி. 257-ல தாம் க்ராசே, அங்க சாப்பாடு, 258-ல காஞ்சனபுரி, ரயில்வே மையம், கல்லறை, வாட் யுவான், நாலேகாலுக்குப் பாலம், ஜப்பான் நினைவுச்சின்னத்துல தமிழ்ப் பலகை, வேன். சரியா?

#26 மீட்டர்கேஜ்

ஒரே ஒரு மாத்தம். 258 அரை மணி தாமதம்னா காஞ்சனபுரிக்கு வரவே 3:20 ஆயிடும். அப்படி ஆச்சுன்னா ரயில்வே மையத்தை விட்டுடுங்க, நேரா வாட் யுவான் போங்க. கோயில் ஸ்டேஷன்லயிருந்து நடக்கலாம், அப்பாவுக்கு வேண்டாம்னா வாசல்லயே மோட்டார் சைக்கிள் ரிக்‌ஷா நிக்கும், ஏறுறதுக்கு முன்னாலயே விலை பேசிடுங்க. திரும்பி வரும்போது அதே ஆளை நிக்கச் சொன்னா பாலத்துக்கும் அவரே கொண்டுபோய் விடுவார். கோயில் வாசல்ல அந்த நேரத்துக்கு வேற வண்டி கிடைக்கறது கஷ்டம்.